முதல் சம்பளம் வரும்வரை

தொண்ணூறுகளில் நான் சமூகப் பணிக்கு வந்தபோது, வேலை தேடும் ஏழைப் பிள்ளைகளுக்கு நாங்கள் செய்த உதவி பெரும்பாலும் வேலைவாய்ப்பு அலுவலகத்து வாசலில்தான் நடந்தது. சான்றிதழ்களுக்கு அட்டெஸ்டேஷன் வாங்கித் தருவோம், பதிவு செய்ய வைப்போம். மூன்று ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்காவிட்டால் பதிவு மூப்பு போய்விடும் என்று வீடுவீடாக நினைவூட்டுவோம். நேர்காணல் கார்டு வரும்வரை பெண்களுக்குத் தையல், பையன்களுக்கு டைப்ரைட்டிங். வேலை கிடைக்காதவரிடம்தான் ஏதோ குறை, பயிற்சி கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பதே அன்றைய திட்டங்களின் அடிப்படை.

சென்னையின் கண்ணகி நகர் அந்த எண்ணத்தை உடைத்தது. 2000 முதல் நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து அங்கே குடியேற்றப்பட்ட பெண்கள் பலருக்கு, பழைய தெருக்களில் செய்துவந்த வீட்டுவேலை தூரத்தாலேயே போனது. பக்கத்திலேயே பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. ஆனால் முகவரியைப் பார்த்ததுமே விண்ணப்பத்தை ஒதுக்கினார்கள். "அக்கா, கண்ணகி நகர்னு போடாம துரைப்பாக்கம்னு மட்டும் போட்டுக்கவா?" என்று பையன்கள் கேட்பார்கள். எந்தப் பயிற்சி வகுப்பு அந்த முகவரியைத் திருத்தும்?

இன்று ஆளை மட்டும் பார்ப்பதில்லை, வேலை தரும் இடத்துக்கும் போகிறோம். சூப்பர்வைசரிடம் பேசுகிறோம், சேர்ந்த பிறகும் தொடர்ந்து விசாரிக்கிறோம். மனநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் அமெரிக்காவில் வகுத்த முறை இதுதான்: முதலில் வேலை, பிறகு அந்த வேலையிலேயே கூட நிற்பது. வறுமைக்கும் அது பொருந்தும் என்பது என் அனுபவம்.

2021-இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. வேலைவாய்ப்புத் திட்டம் என்று அதற்குப் பெயரில்லை. ஆனால் நாங்கள் வேலையில் சேர்த்த பெண்களை வேலையில் நிற்க வைத்தது அதுதான். ஏனென்றால் முதல் சம்பளம் வரும்வரை உள்ள நாட்கள்தான் கழுத்தை நெரிப்பவை. பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருந்த ஏழைப் பட்டதாரிக்கு அரசு உதவித்தொகை மாதம் 600 ரூபாய். வேலையில் சேர்ந்த அன்றிலிருந்து அதுவும் கிடையாது. வேலைவாய்ப்பு முகாம்களில் மேடையில் கொடுத்த பணி ஆணைகளை எண்ணுகிறார்கள், மூன்றாம் மாதமும் வேலையில் இருப்பவர்களை எண்ண வேண்டாமா?

வேலையில் நிற்க இன்னொரு தடையும் உண்டு: ஹவுஸ்கீப்பிங் ஷிப்ட் முடிவதற்குள் அங்கன்வாடி மூடிவிடுகிறது. குழந்தையை யாரிடம் விடுவது என்பதாலேயே நல்ல வேலையை விட்ட தாய்மார்களை எனக்குத் தெரியும். மாலையிலும் அங்கன்வாடியைத் திறந்து வைக்கச் சொல்லி மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.