கொம்பு போன மெட்டு

வாங்க வாங்க, விஸ்காம் படிக்கிற புள்ளைங்கதானே? திண்ணையில உக்காருங்க. தூண்ல மட்டும் சாயாதீங்க, சுண்ணாம்பு ஒட்டும். உங்களுக்கும் அதே வேலையைத்தான் குடுத்திருக்காங்களாம்ல? பாட்டுக்குன்னு ஒரு பத்திரிகை பண்ணணும். அட்டை, உள்ளடக்கப் பக்கம், எதிரெதிரா ரெண்டு பக்கத்துக்கு ஒரு பேட்டி. அப்புறம் நீங்க பண்ணினதை நீங்களே மதிப்பீடு பண்ணி எழுதணும். போன வருசம் எம் பேத்திக்கும் இதேதான். அது என்னென்ன பண்ணிச்சுன்னு சொல்றேன், அப்படியே நீங்களும் பண்ணிடுங்க. மார்க்கு கொட்டும்.

நான் கும்பகோணத்துல 30 வருசம் ஈய எழுத்து கோத்தவன். கம்ப்யூட்டர் வந்துச்சு, டிரெடில் அச்சு மிஷினு பழைய இரும்புக்குப் போச்சு, நான் திண்ணைக்கு வந்துட்டேன். அதனால டிசைன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. எழுத்து மட்டும் கொஞ்சம் தெரியும்.

பேத்தியும் கூட்டாளிங்களும் நாலு பேரு சேந்து பத்திரிகைக்கு ‘மெட்டு’ன்னு பேரு வச்சாங்க. நல்ல பேரு. குத்தம் சொல்ல வழியே இல்ல, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மறுநாள் அட்டையைக் கொண்டாந்து காட்டுச்சு. அப்பத்தான் உசுரு வந்துச்சு.

அட்டையில அதோட தோழி ஒருத்தி தலையைச் சாய்ச்சு, கண்ணை மூடி, காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு நிக்குது. ஹெட்போன் வயரு இடுப்பு வரைக்கும் தொங்குது. தொங்கி, காத்துல நிக்குது. “இது எதுல சொருகியிருக்கு ஆத்தா?”ன்னு கேட்டேன். “அது ஸ்டைலு தாத்தா.” சரிதான், கேக்காமலே சொக்கிப்போற ரசிகை. சபாவுல நான் நெறையப் பாத்திருக்கேன்.

வெளிநாட்டுப் பத்திரிகையில ஆளோட தலை, பத்திரிகைப் பேரு மேல கொஞ்சம் ஏறி நிக்குமாம். அப்பத்தான் படம் முன்னால வந்த மாதிரி தெரியுமாம். இங்கிலீசுக்காரன் செய்வான். அவன் எழுத்து ஒண்ணொண்ணும் தனித்தனி ஆளு, ரெண்டு மறைஞ்சாலும் மிச்சத்தை வச்சுப் படிச்சுக்கலாம். நம்ம எழுத்து கூட்டுக்குடும்பம். கொம்பு, கால், புள்ளி, சுழி எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கும், ஒண்ணை மறைச்சா குடும்பமே வேற ஆயிடும். அந்தப் பொண்ணோட ஹெட்போன் குமிழு சரியா ‘மெ’யோட கொம்பு மேல போய் உக்காந்திருக்கு. மிச்சம் என்ன? ‘மட்டு’!

“ஆத்தா, 1978ல எம்.ஜி.ஆர். சர்க்காரு எழுத்துச் சீர்திருத்தம்னு 13 எழுத்தைத்தான் மாத்துச்சு. அதுக்கே ஆணை போட வேண்டியிருந்துச்சு. நீ ஒரு ஹெட்போனை வச்சே கொம்பை எடுத்துட்டியே”ன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிச்சு. ஆனா ஒண்ணு, எங்க காலத்துப் பத்திரிகை எதுவும் தன் தரத்தை அட்டையிலயே இவ்வளவு நேர்மையா அச்சடிச்சதில்ல.

அமெரிக்காவுல ரோலிங் ஸ்டோன்னு ஒரு பத்திரிகை இருக்குதாம்ல. 1967 நவம்பர்ல ஜான் வென்னருன்னு 21 வயசுப் பையன் 7,500 டாலர் கடன் வாங்கி ஆரம்பிச்சான்னு பேத்தி படிச்சுச் சொல்லுச்சு. முதல் இதழ் சாதாரண நியூஸ்பிரிண்ட்டு. அட்டையில ஜான் லெனன். பெரிய பாட்டுக்காரரு, ஆனா கையில கித்தாரும் இல்ல, மைக்கும் இல்ல. பட்டாளத்து இரும்புத் தொப்பி போட்டிருக்காரு, ஏதோ சினிமாவுல நடிச்ச வேசமாம். பாத்தவன் “இந்த ஆளு எதுக்குடா தொப்பியோட நிக்கிறான்”னு யோசிச்சிருப்பான்ல? எம் பேத்தி இதையெல்லாம் ‘முன் ஆய்வு’ன்னு தலைப்புப் போட்டு அழகா எழுதிச்சு. எழுதி முடிச்சதும் ஹெட்போன் மாட்டப் போயிடுச்சு.

உள்ளே எழுத்து விசயத்துக்கு வாரேன். நாங்க ஈயம் கோக்கும்போது ரெண்டு வரிக்கு நடுவுல லெட்டுன்னு ஒரு மெல்லிசுத் தகடு வைப்போம். தமிழுக்கு அது தாராளமா வேணும். மேல ‘கீ’ தொப்பி மாட்டிக்கிட்டு நிக்கும், கீழ ‘கு’ வாலைச் சுழட்டிக்கிட்டு வரும். இவங்க இங்கிலீசு எழுத்துக்கு இருக்கிற இடைவெளியை அப்படியே விட்டுட்டாங்க. மேல் வரியோட வாலு கீழ் வரியோட தொப்பியில சிக்கி, ரெண்டும் பஸ்ல முடி மாட்டிக்கிட்ட பொம்பளைங்க மாதிரி இழுத்துக்கிட்டு நிக்குது. போதாததுக்குக் கருப்புத் தாள்ல வெள்ளை எழுத்து, அதுவும் எறும்பு சைசு. போன் திரையில பளிச்சுன்னு இருந்துச்சாம். திரையில வெளிச்சம் பின்னாலேருந்து வருது ஆத்தா. தாள்ல மை இல்ல ஊறும்! நாலு கலரு மை ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, வெள்ளை எழுத்தோட வயித்துக்குள்ள போய் அடைச்சுக்கிச்சு. படிக்கணும்னா நிலாவுக்குத்தான் கொண்டு போகணும்.

உள்ளடக்கப் பக்கத்துல ‘டாப் 10 பாடல்கள்’னு ஒரு கட்டம். யாரு எடுத்த கணக்குன்னேன். ஆஸ்டல் ரூம்ல உக்காந்து நாலு பேரும் பேசி முடிவு பண்ணினாங்களாம். லண்டன்ல என்.எம்.ஈ.ன்னு ஒரு பத்திரிகை, 1952 நவம்பர்ல அந்த நாட்டுலயே முதல் தடவையா ரிக்கார்டு விற்பனையை வச்சுப் பாட்டு வரிசை போட்டுச்சாம். அதுக்கு அந்த ஆபீசுக்காரங்க ரிக்கார்டு விக்கிற கடை கடையா போன் போட்டு “எது எத்தனை வித்துச்சு”ன்னு கேட்டிருக்காங்க. இதுவும் பேத்தியோட முன் ஆய்வுலதான் இருக்கு! நீங்க அந்தச் சிரமமெல்லாம் படாதீங்க. நாலு பேரு கூடிட்டா அதுதானே நாடு.

பாட்டு விமரிசனம்னு ஒரு பக்கம். எல்லாத்துக்கும் அஞ்சு நட்சத்திரம், ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் நாலரை. அரை நட்சத்திரம் எதுக்குக் கொறைஞ்சுச்சுன்னா, நடுநிலைமையாத் தெரியணுமாம். 1930கள்ல கல்கி ஆனந்த விகடன்ல ‘கர்நாடகம்’னு பேரு போட்டு ‘ஆடல் பாடல்’ எழுதினாரு. பெரிய வித்வானா இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிடுவாரு, சிரிக்க வச்சே சொல்லுவாரு. கச்சேரிப் பக்கமே போகாதவன்கூட அதைப் படிச்சான். அவருக்கு நட்சத்திரம் போடத் தெரியாது பாவம், வார்த்தையை வச்சே ஒப்பேத்தினாரு.

கூடப் படிச்ச மத்த புள்ளைங்க நாலு பக்கத்தோட நிறுத்திக்கிச்சு. இதுங்களுக்கு ஆசை, 14 பக்கம் பண்ணிடுச்சுங்க. பிரஸ்காரரு சிரிச்சிருக்காரு. நடுவுல பின் அடிக்கிற புத்தகம்னா பக்கம் நாலு நாலாத்தான் வரும், 12 இல்லாட்டி 16. ரெண்டு பக்கத்துக்கு எங்க போறது? ராத்திரியோட ராத்திரியா ரெண்டு கவிதை வந்துச்சு. தமிழ்நாட்டுல பாதிக் கவிதை இப்படித்தான் பொறக்குதுன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.

இப்ப நடுப்பக்கம், எட்டும் ஒம்பதும். அங்கதான் பேட்டி. எங்க ஊரு தவில் வித்வான். பக்கத்துல நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சுல்ல, அந்தச் சூட்டுல இவரைத் தேடிப் போனாங்க. யோசனை நல்லாத்தான் இருந்துச்சு. நானும் கூடப் போனேன், வெத்தலை கிடைக்கும்னு.

போனப்ப அவரு முத்தத்துல உக்காந்து விரலுக்குக் கூடு கட்டிக்கிட்டிருந்தாரு. பாத்திருக்கீங்களா? பழைய வேட்டித் துணியை ரிப்பன் மாதிரி கிழிச்சு, மாவுப் பசையில நனைச்சு, சுத்து மேல சுத்தா சுத்துவாங்க. வெயில்ல காஞ்சதும் கல்லு மாதிரி ஆயிடும். தட்டுனா ‘டக்’குன்னு கேக்கும். தவிலோட வலப்பக்கத்துல, வலந்தலையில அது விழுற சத்தந்தான் ரெண்டு தெரு தாண்டிக் கேக்குது. விரல் விரலா முறத்துல காய வச்சிருந்தாரு, வடாம் காய வச்ச மாதிரி. எங்க புள்ளைங்க என்ன பண்ணிச்சுங்க தெரியுமா? “ஃபிரேம்ல இது குப்பையாத் தெரியுது”ன்னு சொல்லி முறத்தைத் தூக்கி அடுப்படியில வச்சுட்டு, அவருக்குப் பட்டுச் சட்டையைப் போட்டு, தொட்டிச் செடி பக்கத்துல உக்கார வச்சுப் படம் எடுத்துச்சுங்க. பத்திரிகைக்கு ஆகுற விசயம் அடுப்படிக்குப் போச்சு, செடி அட்டகாசமா வந்திருக்கு.

அப்புறம் கேள்வி. “ஐயா, இசைன்னா உங்களுக்கு என்ன?” அவரு ஒரு நிமிசம் யோசிச்சாரு. “சோறு தம்பி”ன்னாரு. நான் என் காதால கேட்டேன். அச்சுல எப்படி வந்திருக்குங்கிறீங்க? ‘இசையே என் சுவாசம்.’ அதையே பெரிய எழுத்துல எடுத்துக் கட்டம் வேற போட்டிருக்காங்க. மனுசன் சாப்பாட்டைச் சொன்னாரு, இவங்க ஆக்சிஜன் வச்சு அனுப்பிட்டாங்க.

வாத்தியாரு ஒரு விதி சொல்லிக் குடுத்திருக்காரு. படத்துல இருக்கிறவங்க முகம் எழுத்துப் பக்கம் பாக்கணும், வெளியில பாக்கக் கூடாது. நல்ல விதிதான், நான் ஒத்துக்கிறேன். ஆனா அவரு பாத்தது அந்தப் பக்கம். திரும்பப் போய் எடுக்க நேரமில்ல. கம்ப்யூட்டர்ல ஒரு பொத்தான் இருக்காம், அமுக்குனா கண்ணாடியில பாக்குற மாதிரி படம் இடம் வலமாத் திரும்பிடும். அமுக்கிட்டாங்க. வலது கை விரல்ல கூடு மாட்டி, இடது கையில கழி புடிச்சு வாசிக்கிற மனுசன், இப்ப கழி வலது கையில, கூடு இடது கையில. தவிலும் திரும்பிப் படுத்துருச்சு. சட்டைப் பொத்தான்கூடப் பொம்பளைச் சட்டை மாதிரி ஆயிப்போச்சு. நாலு பேரு பாத்தாங்க, வாத்தியாரும் பாத்தாரு, ஒருத்தர் கண்ணுக்கும் படல. படம் எழுத்தைப் பாக்குதான்னு மட்டும் பாத்தாங்க.

பின் அடிக்கிற வேலையும் முடிஞ்சுச்சு. நடுப்பக்கத்துல எங்க பின்னு வரும்னு யாரும் நினைக்கல. ரெண்டு பின்னு. நெஞ்சுல ஒண்ணு, முழங்கால்ல ஒண்ணு.

சரி, மதிப்பீட்டுக்கு வாங்க. உங்களுக்கு வேண்டியது அதுதானே! முதல் கேள்வி, ‘உங்கள் படைப்பு வழக்கமான இதழ்களின் மரபைப் பின்பற்றுகிறதா, மீறுகிறதா?’ எம் பேத்தி இதுல கெட்டிக்காரி. சரியா வந்ததையெல்லாம் ‘மரபைப் பின்பற்றினோம்’னு எழுதிச்சு. சரியா வராததையெல்லாம் ‘மரபை மீறினோம்’னு எழுதிச்சு. கொம்பு மறைஞ்சதா? ‘எழுத்தின் அதிகாரத்தைக் கட்டுடைத்தோம்.’ படிக்க முடியலையா? ‘வாசகரின் உழைப்பைக் கோரும் வடிவமைப்பு.’ நானும் 30 வருசம் அச்சுப்பிழை விட்டவன்தான், எனக்கு இந்த வார்த்தைங்க அப்ப கிடைக்காமப் போச்சே!

அடுத்த கேள்வி, உங்க வாசகர் யாரு. ‘15 முதல் 60 வயது வரையிலான இசை ஆர்வலர்கள்.’ மீசை முளைக்கிறவன்லேருந்து பென்சன் வாங்குறவன் வரைக்கும் ஒரே வலையில. அவங்ககிட்ட கருத்துக் கேட்டீங்களான்னேன். போன்ல படிவம் அனுப்பி வகுப்புல இருக்கிறவங்க எல்லாரும் ‘மிகச் சிறப்பு’ன்னு போட்டாங்களாம். பதிலுக்கு இதுங்களும் அவங்க பத்திரிகைக்கு ‘மிகச் சிறப்பு’ போட்டுச்சுங்க. மொய் மாதிரி. வச்சது திரும்ப வரணும்ல.

1976ல லண்டன்ல மார்க் பெர்ரின்னு ஒரு பாங்கு குமாஸ்தா, பசையை மோந்து பாக்குறதுங்கிற அர்த்தத்துல ஒரு பேரை வச்சு, டைப்ரைட்டர்ல அடிச்சு, தலைப்பைப் பட்டைப் பேனாவால கிறுக்கி, நகலெடுத்து ஒரு பாட்டுப் பத்திரிகை போட்டானாம். தப்பா அடிச்சதை அடிச்சுவிட்டு அப்படியே விட்டுட்டான். 12 இதழோட நிறுத்தியும் புட்டான். அதை இன்னிக்கும் பாடத்துல வச்சுப் பேசுறாங்கன்னு பேத்தி சொல்லுச்சு. அவன் யாருக்கும் மதிப்பீடு எழுதிக் குடுத்த மாதிரி தெரியல.

எனக்குத் தெரிஞ்ச மதிப்பீடு ஒண்ணுதான். ‘மெட்டை’ எடுத்துக்கிட்டுப் போய் டீக்கடை பெஞ்சுல போட்டுட்டு, ஒரு டீ சொல்லிட்டு, பேசாம உக்காந்தேன். பேத்தியும் கூட உக்காந்துச்சு. முதல்ல எடுத்தவரு ஒரு லோடுமேன். “மட்டு... என்னய்யா, உரக் கம்பெனியா?”ன்னு கேட்டுக்கிட்டே புரட்டினாரு. டாப் 10 பக்கத்துல கட்டை விரல் நிக்கவே இல்ல. கருப்புப் பக்கத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு விட்டுட்டாரு. நடுப்பக்கம் வந்துச்சு. நின்னுச்சு. “டேய், நம்ம தவில்காரருடா!” நாலு தலை கூடிருச்சு. பேத்தி முகத்துல வெளிச்சம். அப்ப டீ ஆத்திக்கிட்டிருந்தவரு எட்டிப் பாத்துட்டு, “இவரு எப்ப இடங்கையானாரு?”ன்னு ஒரே கேள்வி. வெளிச்சம் போச்சு.

சாயங்காலம் வித்வான் வீட்டுக்கே கொண்டு போனோம். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. கழியைப் பாத்தாரு, பின்னைப் பாத்தாரு, சுவாசத்தையும் பாத்தாரு. அப்புறம் பேத்தியை விட்டுட்டு என்னைப் பாத்தாரு. எனக்குக் காரணம் தெரியும். நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு கலியாண நோட்டீசு கோத்தேன். அவங்க அப்பாரு கச்சேரி. ‘சிறப்புத் தவில்’னு வரணும், அவசரத்துல எழுத்து மாறி ‘சிறப்புத் தவிர’ன்னு 500 நோட்டீசு ஊரெல்லாம் போயிருச்சு. பெரியவரு சாகுற வரைக்கும் அந்த நோட்டீசை மடிச்சு வச்சிருந்தாரு.

“அண்ணே, அன்னிக்கு எங்கப்பாவ ‘தவிர’ன்னு போட்டுத் தள்ளி வச்சீங்க. இன்னிக்கு உங்க பேத்தி என் கையையே மாத்திருச்சு. உங்க குடும்பத்துக்கும் எங்க குடும்பத்துக்கும் என்னண்ணே தகராறு?”

எனக்குப் பேச்சு வரல. ஒண்ணும் தெரியாத மாதிரி வெத்தலைக்கு நரம்பு கிள்ளிக்கிட்டிருந்தேன். அவரே பத்திரிகையைப் பேத்தி கையில குடுத்துட்டு, “நல்லாத்தான் இருக்கு தாயி. சொந்தக்காரங்களுக்குக் குடுக்கணும், ஒரு பத்துப் புத்தகம் கிடைக்குமா?”ன்னாரு.

பேத்தி என்னைப் பாத்துச்சு. அடிச்சதே ரெண்டு காப்பிதான். ஒண்ணு வாத்தியாருக்கு, ஒண்ணு வெளியிலேருந்து வர்ற பரீட்சைக்காரருக்கு.

வழியில ஒண்ணும் பேசல. வாய்க்கால் மதகுகிட்ட வந்ததும், “தாத்தா, பத்துக் காப்பி அடிக்க என்ன ஆகும்?”னு கேட்டுச்சு.

“மொதல்ல கையை மாத்து. அப்புறம் அடுப்படிக்குப் போய் அந்த முறத்தைக் கேட்டு வாங்கிட்டு வா”ன்னேன்.