நாலறை வீட்டில் மூன்று அறை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே இவரும் நானும் சௌக்கியம். வீடு எப்போது வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஃபோனில் சொல்லி முடிகிற கதையில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு படிக்கவும்.

சிங்கப்பூரில் நாலறை வீடு என்றால் படுக்கையறை மூன்றுதான். ஹாலையும் ஓர் அறையாக எண்ணிவிடுகிறார்கள். மேற்கு மாம்பலம் புரோக்கருக்குக்கூடத் தோன்றாத யோசனை! ஆனாலும் சுமார் 90 சதுர மீட்டர், நம் கணக்கில் 970 சதுர அடி. ஆரிய கவுடா ரோடு பக்கத்தில் 480 சதுர அடியில், கதவுக்குப் பின்னால் பீரோ நிற்பதால் அந்தக் கதவை முழுசாகத் திறந்தே பார்க்காமல் வளர்ந்தவளுக்கு அது கல்யாண மண்டபம்.

நாங்கள் நிரந்தரவாசிகள் என்பதால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) புதிதாகக் கட்டும் வீடு கிடையாது. மறுவிற்பனை வீடுதான், அதுவும் இருவருக்கும் அந்த அந்தஸ்து கிடைத்து 3 வருஷம் ஆன பிறகு. மார்ச்சில் ஆயிற்று. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தூக்கம் போச்சு.

முதல் வீடு 1984-இல் கட்டியது. 99 வருஷக் குத்தகை, 2083-இல் முடிகிறது. வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயசு ஆகும்வரை குத்தகை மிச்சமிருந்தால்தான் சேம நிதிப் பணத்தை முழு அளவில் எடுக்கலாம். இளையவள் நான், 33. மாமியார் வீட்டு ஜோசியர் 78-க்கு மேல் வாயே திறக்கவில்லை. இந்த ஊர் அரசாங்கம் என்னை 95 வரை நம்புகிறது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வீடு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுமே!

இரண்டாவது வீட்டில் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை இருந்தது. தடித்த கான்கிரீட் சுவர், பெட்டகம் மாதிரி இரும்புக் கதவு. அரிசி மூட்டை வைக்கலாம் என்றார் இவர். பூஜை அறை என்றேன் நான். குண்டே விழுந்தாலும் பிள்ளையாருக்கு ஒன்றும் ஆகாது. முன்பணம் பேசும் நேரத்தில் ஏஜென்ட் தொண்டையைக் கனைத்தார். எந்தப் பேட்டையும் ஒரே இனத்தின் பேட்டையாகிவிடக் கூடாது என்று 1989-இலிருந்து ஒரு விதி. இந்தியரும் பிறரும் ஒரு பிளாக்கில் 15 சதவீதம்வரைதான். அது நிரம்பிவிட்டால் அந்தப் பிரிவினர் விற்றால்தான் இந்தியர் வாங்கலாம். விற்பவரோ சீனத் தாத்தா. அயோத்யா மண்டபத்தைச் சுற்றி இப்படி ஒரு விதி வந்தால் நம் தெருவில் யார் யாரைக் காலி பண்ணுவது என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மூன்றாவது வீடு எல்லாம் பொருந்தியது. பாதுகாப்பு அறையும் உண்டு. விலை 6,20,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பென்சிலை எடுங்கள். வங்கி 75 சதவீதம், 4,65,000 தரும். மிச்சம் 1,55,000. அதில் 31,000 ரொக்கமாகவே வைக்க வேண்டும். பாக்கி 1,24,000-க்கு எங்கள் இருவர் சேம நிதியும் துடைத்த மாதிரி சரியாக இருக்கிறது. தவணை சம்பளத்தில் 30 சதவீதம் தாண்டக் கூடாது. எங்களுக்கு 9,000 வருகிறது, 2,700-க்குள் அடங்கிவிடும். இப்போது வாடகையே 2,600 கொடுக்கிறோம். ஆகவே மாசக் கணக்கு இடிக்கவில்லை.

இடிப்பது ஸ்டாம்ப் டூட்டி. சாதாரணமாக 13,200. நிரந்தரவாசி என்பதற்காக மேலே 5 சதவீதம், 31,000. ஆக, முன்பு சொன்ன ரொக்கத்தையும் சேர்த்து 75,200 வேண்டும். கையில் 52,000.

துண்டு விழுவது 23,200. மாசம் ஆயிரம் மிச்சம் பிடித்தால் இரண்டு வருஷம். இவர் காபிக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் இன்னும் யோசிக்கிறேன்.

ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்கிறேன் என்று நாளைக் காலையே குடையை எடுத்துக்கொண்டு பாங்க்குக்குக் கிளம்பாதீர்கள். கூட்டலைச் சரிபார்த்து எழுதினால் போதும்.

உங்கள் பெண்.

பின்குறிப்பு: கொலுப் படியைப் பாதுகாப்பு அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லவும். பீரோவை மட்டும் அந்தக் கதவுக்குப் பின்னால் வைக்க விடமாட்டேன்.