நூற்றெட்டா, சீரகத் தண்ணீரா?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. போனிலேயே மருத்துவ ஆலோசனை சொல்லும் 104 வந்தும் பத்தாண்டுகள் தாண்டிவிட்டன. இரண்டுக்கும் காசு கிடையாது. ஆனால் வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், இவை இரண்டுக்கும் முன்னால் மணியடிப்பது மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதும் மைத்துனரின் போன். “வாய்வுதான், சீரகத் தண்ணி குடுங்க” என்பார். அது கொதித்து ஆறுவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். வண்டியா, போனா என்று நாம் முடிவெடுக்கும் விதமே இதுதான். நோயின் கடுமையை யார் பார்க்கிறார்கள்? நோயாளியின் குரலைத்தான் பார்க்கிறோம். கத்தினால் வண்டி, பேசாமல் படுத்திருந்தால் போன்.

உடம்பு இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை. சிறுநீரகக் கல் தெருவையே எழுப்பிவிடும். ஆளைக் கொல்வது அபூர்வம். பக்கவாதமோ பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வாய் கோணும், ஒரு கை தொங்கும், பேச்சு குழறும். “தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்று பாய் விரிக்கத் தோதான நோய். மூளைக் குழாயில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கும் முன்னால், வந்திருப்பது ரத்தக்கசிவு அல்ல என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். நாம் பாய் விரிக்கும்போதும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு, நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சிரைப்புமாக வரலாம். கட்டுவிரியன் இன்னும் நாசூக்கு. ராத்திரி தரையில் தூங்குகிறவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். வீக்கம் இருக்காது, வலியும் பேருக்குத்தான். விடியும்போது வயிற்றைப் பிசையும், இமை சரியும். வயிற்றுவலி என்றதும் மறுபடியும் சீரகம்! எத்தனை பெரிய மருத்துவரானாலும் விஷமுறிவு மருந்தைப் போன் வழியாக ஏற்ற முடியாது.

போன் ஆலோசனை மட்டம் என்று சொல்லவில்லை. மாத்திரை ஒரு வேளை தவறிவிட்டது, நேற்றிலிருந்து காய்ச்சல், தோலில் தடிப்பு போன்றவற்றுக்கு ஓ.பி. வரிசையில் அரை நாள் நிற்பதைவிட 104-ஓ, அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியோ எவ்வளவோ மேல். ஆனால் 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறையே, அவசரம் என்று பட்டால் முதலுதவியைச் சொல்லி நேரில் அனுப்பிவிடு என்றுதான் மருத்துவருக்குச் சொல்கிறது. அதாவது, வாய் கோணியவருக்காகப் போனில் காத்திருந்து நாம் பெறப்போகும் ஆலோசனை, “உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்பதுதான்.

சந்தேகத்துக்கெல்லாம் 108-ஐ அழைத்தால் உண்மையில் துடிப்பவருக்கு வண்டி கிடைக்குமா? நியாயமான கேள்வி. ஆனால் அங்கே போனை எடுப்பவர் என்ன, ஏது என்று விசாரிக்கிறார். வண்டி தேவையா என்று பார்ப்பது அவர் வேலை. மைத்துனர் அதைப் பறித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆட்டோ சீக்கிரம் வருமே என்பார்கள். வரும், பக்கத்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியும் விடும். அங்கே ஸ்கேன் இல்லையென்றால் அடுத்த ஆட்டோ. 108-இல் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற உதவியாளரும் உண்டு. ஆட்டோவில் பாட்டு உண்டு. வண்டி வர நேரமாகும் என்று 108-காரரே சொன்னால் மட்டும், ஆட்டோவில் ஏறுவதை நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. சைரன் கேட்டால் தெருவே கூடிவிடும், நாளைக்கு நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். கூடட்டுமே. ஒருவர் சந்து வழியை அடைத்து நிற்கும் பைக்குகளை நகர்த்துவார். “பிள்ளையார் கோயில் பக்கம்” என்று நாம் சொன்ன அடையாளம் ஊரில் ஆறு இடத்துக்குப் பொருந்துவதால், இன்னொருவர் முனையில் நின்று கைகாட்டுவார். மைத்துனரும் வந்திருந்தால், நோயாளி வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைப் பையில் போட்டு அவர் கையில் கொடுத்து வண்டியில் ஏற்றிவிடலாம்.