முள்ளை நகர்த்தினால் பொழுது நகருமா?

கேள்வி: டொராண்டோவிலிருந்து மகள் தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் பேசுவாள். நவம்பர் வந்தால் ஏழரை ஆக்கிவிடுகிறாளே? (ஆனைக்கரை வாசகி)

பதில்: மகள் அதே காலை ஒன்பது மணிக்குத்தான் கூப்பிடுகிறாள். அந்த ஊர்க் கடிகாரம்தான் மாறுகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணியை 3 ஆக்குவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி பின்னுக்கு வைப்பார்கள்.

கேள்வி: துபாய் மகனுக்கு?

பதில்: கவலையே வேண்டாம். வருஷம் முழுக்க நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால்.

கேள்வி: கடிகாரத்தை மாற்றும் இந்த வழக்கம் வேறு எங்கெல்லாம் உண்டு?

பதில்: ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னி மாற்றும், பிரிஸ்பேன் மாற்றாது. லண்டனில் ஜூன் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பரில் எட்டுக்கும் குறைவு. கோடையில் தூங்கிக் கழியும் விடிகாலை வெளிச்சத்தை அவர்கள் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். நம் ஏலக்காய் மலையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒரு மணி நேரம் சொச்சம்தான். எதை மிச்சம் பிடிப்பது?

கேள்வி: இந்தியாவில் மாற்றியதே இல்லையா?

பதில்: உண்டு. உலகப்போருக்காக 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை நாடே ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. இலங்கை, மின்பற்றாக்குறையால் 1996 மே மாதம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபரில் அரை மணி குறைத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகள் வசமிருந்த பகுதி பழைய நேரத்தை விடவே இல்லை. ஒரே தீவில் பத்து வருஷம் இரண்டு நேரம்!

கேள்வி: கம்பத்திலிருந்து இருட்டோடு ஜீப் ஏறி ஏலக்காய் எடுக்க வருகிறோம். கடிகாரத்தை மாற்றினால் எங்களுக்கு நல்லதா?

பதில்: கெடுதல், தாயே. அசாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. கிழக்கே சீக்கிரம் விடிகிறது, அவர்களுக்குப் பொருந்தும். இந்திய நேரம் கணக்கிடப்படும் 82.5 பாகைக் கோட்டுக்கு நாம் மேற்கே. சூரியன் நமக்கு உச்சிக்கு வரவே சராசரியாக 12.22 ஆகிறது. ஜனவரியில் விடிய ஆறே முக்கால். முள்ளைத் தள்ளினால் அதுவும் ஏழே முக்கால்! அத்தனை நேரமும் கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டில் வருவீர்கள். மாற வேண்டியது வேலை தொடங்கும் நேரம். பனிக்காலத்தில் அதை அரை மணி தள்ளித் தரச் சொல்லி எல்லோரும் சேர்ந்து தோட்டத்தில் கேளுங்கள்.