வெறும் டீதான்

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நண்பர்களை டீக்கு அழைப்பதில் ஒரு விசேஷம் உண்டு. சாப்பாட்டுக்கு அழைத்தால் சாம்பார், ரசத்தோடு முடிந்துவிடும். ‘வெறும் டீதான்’ என்றால் வாழைக்காய் பஜ்ஜி, வெங்காய பஜ்ஜி, சட்னி, கூடவே கேசரியும் ஆகவேண்டும். ‘ஒண்ணுமே செய்யலை’ என்று சொல்லிக்கொண்டே பரிமாறுவது மரபு.

நல்ல டீக்கு ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் 11 விதிகள் எழுதினார். சர்க்கரை கூடாது என்பது கடைசி விதி. பாவம், நம் விருந்தாளிகளை அவருக்குத் தெரியாது. ஒருவருக்கு அரைச் சர்க்கரை, ஒருவருக்கு நாட்டுச்சர்க்கரை, ஒருவருக்கு இஞ்சி தூக்கலாக, இன்னொருவருக்குப் பால் ஆகாது. சுகர் என்று டீயில் இனிப்பை மறுத்தவர் கேசரியை மறுபடி வாங்கிக்கொள்வார். அது வேறு கணக்கு. எல்லாம் கலந்து தட்டில் எடுத்து வரும்போதுதான் மூலையிலிருந்து குரல் வரும்: “எனக்குக் காபி கிடைக்குமா? ஃபில்டர்னா நல்லது. சிரமம்னா வேணாம்.”

சிரமமில்லை என்று சொல்லியாக வேண்டும். டிகாஷன் இறங்கும்வரை அவருக்கும் பஜ்ஜி.

ஏழு மணிக்குச் செருப்பை மாட்டியபடி வாசலில் அடுத்த சுற்றுப் பேச்சு. உள்ளே உட்கார்ந்து பேசாததெல்லாம் அங்கேதான் வரும். ‘இருந்து ரெண்டு தோசை சாப்பிட்டுப் போங்களேன்’ என்று நம் வாயே உளறுவதற்குள் லிஃப்ட் வந்துவிட வேண்டும்.