மடி ஈயும் மானங்கெட்ட ட்ரவுட்டும்

சுவிட்சர்லாந்தில், லுசேர்ன் நகரத்தை ஒட்டிய எம்மன்புரூக்கேயில், சின்ன எம்மே என்ற ஆறு ரொய்ஸ் ஆற்றில் போய் விழுகிறது. அந்தத் தண்ணீரில் ஓட்டத்துக்கு எதிராக மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிற்கிற ட்ரவுட் மீனுக்குச் சமயமும் கிடையாது, சம்பிரதாயமும் கிடையாது. அடித்துக்கொண்டு வருவதில் வாய்க்கு எட்டுவதைத் தின்னும், எட்டாததை விட்டுத் தொலைக்கும். இப்படிப்பட்ட பிராணியை முன்னிட்டுத்தான் இங்கிலாந்துக் கனவான்கள் இரண்டு தலைமுறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள்.

விவகாரம் சின்னது. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரி செய்கிறோம். அது முங்கிப் போகலாமா, மிதந்துதான் வர வேண்டுமா? முங்குவது ஈர ஈ, மிதப்பது காய்ந்த ஈ. ஈர ஈக்குப் பெட்டைக்கோழியின் மெத்தென்ற இறகு. தண்ணீர் பட்டதும் உயிருள்ளதுபோல் நெளியும். காய்ந்த ஈக்குச் சேவலின் விறைப்பான கழுத்திறகு. நுனிக்காலில் நிற்கிற மாப்பிள்ளைபோல் தண்ணீர்மேல் நிற்கும்.

ஆதியில் எல்லாம் ஈரமாகத்தான் இருந்தது. கி.பி. 200 வாக்கில் ஈலியன் என்ற ரோமாபுரி எழுத்தாளர், மக்கெதோனியாவில் ஆட்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, இரண்டு சேவல் இறகைச் செருகி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். அவர்களுக்கு மீன் வேண்டியிருந்தது, கிடைத்தது, தின்றார்கள். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு ஈக்களுக்குச் செய்முறை சொன்னது. எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரீ என்பார்கள். அப்படி ஒரு அம்மாள் இருந்தாரா என்பதே சந்தேகம். ஆள் இல்லாவிட்டால் என்ன, பன்னிரண்டு ஈயும் மீன் பிடித்தன.

1857இல் ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டூவர்ட் ஒரு புத்தகம் போட்டு, ஈர ஈயை ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி வீசு என்றார். மீன் மேல்நோக்கியே பார்த்துக்கொண்டிருப்பதால் முதுகுப் பக்கம் நிற்கிற ஆள் அதற்குத் தெரியமாட்டான். சாமர்த்தியமான யோசனை, சண்டை இல்லாத யோசனை.

சண்டையைக் கொண்டுவந்தவர் பிரெடரிக் ஹால்ஃபோர்ட். குடும்பத்துத் துணி வியாபாரத்தில் பணம் சேர்ந்ததும் கடையை விட்டு ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். தென் இங்கிலாந்தில் டெஸ்ட், இட்சன் என்று சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் ஆறுகள் உண்டு. கண்ணாடி மாதிரி தண்ணீர், நிதானமான ஓட்டம். அங்கே மிதக்கும் ஈ பிரமாதமாக வேலை செய்தது, உண்மைதான். 1886இல் ஒரு புத்தகம், 1889இல் இன்னொன்று. அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதர் என்றே பேர் வாங்கியிருப்பார். கூட உழைத்த மேரியட் என்ற மேதை, புத்தகத்தில் என் பேரைப் போடாதே என்று ஒதுங்கிக்கொண்டார். பின்னால் வரப்போவது அவருக்கு வாசனை அடித்திருக்க வேண்டும்.

பின்னால் வந்தது ஆசாரம். மேலே வந்து ஈ தின்கிற மீனைக் கண்ணால் கண்டபிறகே வீச வேண்டும். காய்ந்த ஈயைத்தான் வீச வேண்டும். மீன் மேலே வரவில்லையா, கரையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடி. ஈயை மிதக்கவைக்கப் பாரஃபின் எண்ணெய் அபிஷேகம், பட்டு நூலுக்குக் கொழுப்புப் பூச்சு, ராத்திரி அந்த நூலைச் சுருள் பிரித்துக் காயவைக்கிற சடங்கு. நம் ஊர் ஆசாரத்தில் ஈர வேட்டியும் மடிதான். ஹால்ஃபோர்ட் மடத்தில் ஈரம்தான் தீட்டு. 1910இல் அவர் முப்பத்துமூன்று ஈக்களுக்கு இலக்கணம் வகுத்தார். அதில் ஆண் ஈ வேறு, பெண் ஈ வேறு! ட்ரவுட் கடிக்கும் முன் ஜாதகம் பார்க்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அதே 1910இல் ஜி. இ. எம். ஸ்க்யூஸ் என்ற வக்கீல், இட்சன் ஆற்றங்கரையிலிருந்தே ஒரு புத்தகத்தை வீசினார். மனிதர் எலும்பு மஜ்ஜை தோண்டும் கரண்டியைப் பிடித்த மீனின் தொண்டைக்குள் விட்டு, வயிற்றில் இருப்பதைச் சுரண்டி, வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுப் பரப்பிப் பார்க்கிறவர். தட்டில் கிடந்தவை பெரும்பாலும் இறக்கை முளைக்காத குஞ்சுப் பூச்சிகள். நியாயம்தானே? மேஃப்ளைப் பூச்சி வகைகள் ஆற்றடியில் மாதக்கணக்கில், சில வருஷக்கணக்கில் வாழ்ந்துவிட்டு, இறக்கை முளைத்தபின் ஓரிரு நாளில் செத்துப்போகின்றன. வளர்ந்த ஈக்குத் தின்ன வாய்கூட உருப்படியாகக் கிடையாது. வருஷம் முழுக்க ஆற்றடியில் விருந்து நடக்கும்போது, மாடியில் ஒருநாள் போடும் பலகாரத்தை மட்டும் நம்பி எந்த ட்ரவுட் குடும்பம் நடத்தும்? ஆகவே முங்கும் ஈயும் வீசலாம் என்றார் வக்கீல்.

சாட்சி தட்டில் கிடந்தது. ஆனால் மடத்தில் சாட்சி எடுபடுமா? ஹால்ஃபோர்ட் 1914இல் காலமானார், சீடர்கள் காலமாகவில்லை. 1938 பிப்ரவரியில் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கென்றே விவாதம் கூட்டினார்கள். எண்பதை நெருங்கிய ஸ்க்யூஸ் ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில் பிரதமர் சேம்பர்லினின் அந்தரங்க ஆலோசகர் சர் ஜோசப் பால். அடுத்த மாதம் ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தார். லண்டனில் பெரிய மூளைகள் எதைக் கவனித்துக்கொண்டிருந்தன என்று இப்போது தெரிகிறதா?

இந்த மதத்தை நம் பக்கமும் ஏற்றுமதி செய்தார்கள். 1860களில் பிரான்சிஸ் டே என்ற மதராஸ் ராணுவ டாக்டர் நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் ஜெயித்தார், அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை வந்தது. இலங்கையில் 1880களிலேயே நுவரெலியாவில் முயற்சி தொடங்கிவிட்டது. 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப். இரண்டு மலையிலும் நன்றாகத் தேறியது ரெயின்போ ட்ரவுட், அதாவது அமெரிக்க மீன். தேயிலைத் தோட்டத்துத் தமிழர் வாழும் மலையில், அமெரிக்க மீனுக்கு, இங்கிலாந்து ஆசாரப்படி துரைமார் ஈ வீசினார்கள். மீன் எதையும் கடித்தது.

எம்மன்புரூக்கேக்கு வருவோம். துரைமார் ஆசாரத்துக்கு முதலில் பலியானது பட்டுப்புழு. வீசும் நூல் பட்டு. அதன் நுனியில் கட்டும் மெல்லிய இழை, புழுவை வினிகரில் ஊறப்போட்டு, வயிற்றைப் பிளந்து, பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்தது. 1906இல் எம்மன்புரூக்கேயில் விஸ்கோஸ் ஆலை தொடங்கி, புழுவே இல்லாமல் மரக்கூழிலிருந்து செயற்கைப் பட்டு நூற்றார்கள். பிற்பாடு நைலானும் வந்தது. ஒற்றையிழை நூலும் அந்த ஊரில் தயாரானது. 1980களிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு அகதியாகப் போன யாழ்ப்பாணத்தாருக்கு நைலான் இழை புதிதல்ல. ஊரில் தங்கூசி என்று கட்டி மீன் பிடித்தவர்கள்தான். எந்தத் தங்கூசியும் ஈரமா காய்ந்ததா என்று கேட்பதில்லை.

அப்படித் தரம் பிரித்துக் கேட்டவர்கள் அந்த ஊரிலும் இருந்தார்கள், மீனை அல்ல, மனிதரை. எம்மன்புரூக்கே அடங்கிய எம்மன் ஊராட்சியில் 2000 மார்ச் மாதம் குடியுரிமை விண்ணப்பங்களை வாக்குப்பெட்டிக்கு அனுப்பினார்கள். 23 விண்ணப்பங்களில் தேறியவை 4. நான்கும் இத்தாலியக் குடும்பங்கள். யூகோஸ்லாவியப் பக்கத்துப் பெயர்கள் முங்கிவிட்டன. 2003இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், வாக்குப்பெட்டியில் குடியுரிமை தீர்மானிப்பது செல்லாது என்று அந்தச் சடங்கை நிறுத்தியது. ஹால்ஃபோர்ட் மடத்தைக் கேட்க அப்படி ஒரு நீதிமன்றம் இல்லாமல்போனது.

சின்ன எம்மே மலையிலிருந்து முரட்டுத்தனமாக இறங்கும் ஆறு. 2005 ஆகஸ்ட் வெள்ளத்தில் அது ஆடிய ஆட்டத்துக்குப் பிறகுதான் கரையை அகலப்படுத்தி, ஆற்றுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தார்கள். பனி உருகிக் கலங்கிய தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடும்போது ஆண் ஈயா பெண் ஈயா என்று பார்க்க எந்த மீனுக்கும் நேரமில்லை. அப்போது முங்கும் ஈ. கோடைச் சாயங்காலம் தண்ணீர் தெளிந்து மேலே வட்டம் வட்டமாக எழும்பினால் மிதக்கும் ஈ. என் தீர்ப்பு இவ்வளவுதான்; ஸ்க்யூஸும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லி வசவு வாங்கினார்.

சுவிட்சர்லாந்தில் இருக்கிற வாசகர் யாராவது தூண்டிலோடு கிளம்பினால் ஒரு விஷயம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட மீன்பிடி உரிமம் வேண்டுமென்றால் பயிற்சிச் சான்று காட்ட வேண்டும். சில விதிவிலக்கு தவிர, முள்ளில் எதிர்க்கொக்கி இருக்கக் கூடாது. பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு மீன் பிடிப்பதை அந்நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பொழுதுபோக்குக்காக மீனை வதைக்காதே, பிடித்தால் கொண்டுபோய்த் தின்னு என்கிறது. சோதனைக்கு வருகிறவர் உங்கள் ஈ ஈரமா காய்ந்ததா என்று பார்க்கமாட்டார், உரிம அட்டையைத்தான் கேட்பார். சட்டைப்பையில் வைத்திருங்கள்.