200 மணி நேர விமானியை நம்பலாமா?

கேள்வி: 200 மணி நேரமே பறந்தவர்களை விமான நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கின்றனவாமே, மதுரையில் விமானம் ஏறவே பயமாக இருக்கிறதே? – வாசகர், செம்பட்டி

பதில்: மணிக்கணக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பயிற்சி குறைந்தால் பயப்படுங்கள். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் போதும். அமெரிக்காவில் விமான நிறுவனத்தில் பறக்கப் பொதுவாக 1500 கேட்கிறார்கள். 2009இல் அங்கே பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு வந்த விதி அது. ஆனால் அந்த விமானிகள் இருவருமே 2000 மணி நேரத்தைத் தாண்டியவர்கள்! வேகம் குறைந்துவிட்டதென்று கட்டுப்பாட்டுத் தண்டு கையில் உதறி எச்சரித்தது. முன்னால் தள்ள வேண்டியதை கேப்டன் பின்னால் இழுத்தார். இங்கேயும் 2010இல் மங்களூரு விமான விபத்தில் 158 பேர் இறந்தார்கள். இறங்க வேண்டாம், மேலே எழும்பிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் 10,000 மணி நேரம் பறந்த கேப்டன் கேட்கவில்லை என்கிறது விசாரணை அறிக்கை.

அப்படியானால் அனுபவமே வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான், ஆனால் எந்த அனுபவம்? திண்டுக்கல் சாலையில் எத்தனை வருடம் பஸ் ஓட்டினாலும் கொடைக்கானல் மலைப்பாதையின் வளைவு கைக்கு வராது. தெளிந்த வானில் சிறு விமானத்தில் சேர்த்த மணிகளும் அப்படித்தான். எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வதென்று சிமுலேட்டரில் பழக்கி, பிறகு பயிற்சி கேப்டனின் பக்கத்தில் உட்காரவைத்துப் பறக்கவிட்டால் 200 மணிக்காரரும் தேறுவார். ஆள் பற்றாக்குறையில் இந்தக் கட்டத்தைச் சுருக்குவதுதான் ஆபத்து. 2024இல் பயிற்சியாளர் அல்லாத கேப்டனோடு, இன்னும் தேறாத துணை விமானியை அனுப்பியதற்காக ஏர் இந்தியாவுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ. 90 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதுவும் நிறுவனமே முன்வந்து சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது.